அப்பாருவின் துப்பாக்கியும் தம்பி கேட்கும் லைசென்ஸும்

2024 நவம்பர் கடைசியில், பல்லடத்துக்குப் பக்கத்தில் சேமலைகவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த அப்பா, அம்மா, மகன் மூன்று பேரையும் ஒரே இரவில் கொன்றார்கள். அடுத்த மே மாதத் தொடக்கத்தில் சிவகிரிப் பக்கம் தோட்டத்தில் தனியாக வாழ்ந்த வயதான தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்த செய்தி வந்தது. பெற்றவர்களைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வெளியூரில் பிழைக்கிற என்னைப் போன்றவர்களின் தூக்கம் அன்றோடு போயிற்று. ராத்திரி பத்து மணிக்கு அம்மா போனை எடுக்கவில்லை என்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அதிலிருந்து எங்கள் சொந்தபந்தத்துக்குள் ஒரே பேச்சுதான். தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு அரசாங்கம் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க வேண்டும். இதில் எல்லோரையும்விட உறுதியாக நிற்பவன் என் சித்தப்பா மகன். "அண்ணா, இனிமேல் தோட்டத்துல இருக்கோணும்னா கையில ஒண்ணு இருந்தாத்தான் முடியும். அப்பாரு காலத்துல வெச்சிருக்கலையா?" என்கிறான். அப்பாரு, அதாவது எங்கள் தாத்தா, வைத்திருந்தார். அந்தத் துப்பாக்கியை நான் பார்த்திருக்கிறேன். அது வீட்டை விட்டுப் போன விதமும் எனக்குத் தெரியும். அதனால்தான் தம்பிக்குப் போனில் நாலு வார்த்தையில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் அந்தியூருக்கு வடக்கே, பர்கூர் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மேட்டுக்காட்டில் கடலையும் சோளமும், கிணற்றுப் பாசனத்தில் மஞ்சளும் குச்சிக்கிழங்கும். கொங்கு நாட்டில் பல ஊர்களில் வீடுகள் ஒரு தெருவில் கூடி நிற்பதில்லை. கிணறு எங்கேயோ வீடும் அங்கே. இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரிப் பாதையில் நடந்து போனால், சாளை என்கிற தோட்டத்து வீடு ஒன்றுக்கும் அடுத்த சாளைக்கும் நடுவில் கூப்பிட்டால் கேட்கிற தூரம் இருக்கும், சில இடத்தில் அதுகூட இருக்காது. அப்பாரு காலத்தில் இது யாருக்கும் பயமாக இல்லை. பண்ணயத்தில் வேலை செய்த குடும்பங்கள் தோட்டத்தையொட்டியே இருந்தன. களத்தில் நாலு பேர் படுத்திருப்பார்கள், கட்டுத்தரையில் இரண்டு பேர். கிணற்றுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்கள் ராத்திரி முழுக்க நடமாடுவார்கள். அன்றைக்குப் பயம் மனிதனைப் பற்றியதாக இல்லை, காட்டுப்பன்னியைப் பற்றியது. ஒரு கூட்டம் இறங்கினால் குச்சிக்கிழங்குக் காடு விடிவதற்குள் உழுதுபோட்ட மாதிரி கிடக்கும்.

அதற்காகத்தான் அப்பாரு லைசென்ஸ் வாங்கினார். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் பயிர்க் காவலுக்கென்றே ஒரு வழி உண்டு. உண்மையாகவே பயிரைக் காக்கத்தான் என்று தெரிந்தால், குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம். எங்கள் பக்கம் அதைக் கேப்புத் துப்பாக்கி என்பார்கள். முதலில் அளந்து கருமருந்து போட வேண்டும். அதன்மேல் தேங்காய் நார். கம்பியால் குத்திக் கெட்டிக்க வேண்டும். பிறகு ஈய ரவை, மறுபடியும் நார், மறுபடியும் குத்து. கடைசியில் குதிரை என்கிற சுத்திக்கு அடியில் இருக்கிற சின்னக் காம்பில், அடித்தால் பொறி விடும் கேப்பை மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் குதிரை கேப்பில் அடித்து, பொறி உள்ளே போய் மருந்தைப் பிடிக்கும். பழகிய கைக்கே இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். ஒரு வெடி வெடித்தால் அடுத்த வெடிக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்பாரு பன்னியைச் சுட்டதைவிட வானத்தைப் பார்த்துச் சுட்டதுதான் அதிகம். பரண் மேலிருந்து ஒரு வெடி போட்டால் கூட்டம் கலைந்து ஓடிவிடும், அவ்வளவுதான் தேவை என்பார். மனிதனுக்காக அவர் ஒருநாளும் அதைக் கெட்டித்து வைத்ததில்லை.

வீட்டில் அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. துப்பாக்கி உள்ளறையில் விட்டத்தையொட்டித் தொங்கும். கருமருந்து வேறொரு அறையில், பூட்டிய பெட்டியில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். கேப்புகள் எங்கள் பாட்டியான ஆத்தாவின் சுருக்குப் பையில், வெற்றிலை பாக்கோடு இருக்கும். அதை யார் அப்படி ஏற்பாடு செய்தது என்று தெரியாது. ஆனால் அப்பாரு பரணுக்குப் போகும்போது ஆத்தாவிடம் கை நீட்டித்தான் கேப்பு வாங்குவார். ஆத்தா எண்ணிக் கொடுப்பார், காலையில் மிச்சத்தை எண்ணி வாங்குவார்.

இந்த ஒழுங்கின் அருமை ஒருநாள் சாயங்காலம் எங்கள் குடும்பம் முழுக்கவும் தெரிந்தது. அப்பாருவுக்கும் அவருடைய சொந்த அண்ணனுக்கும் வரப்பு எல்லையில் பொழித் தகராறு. ஒரு முழம் நிலம், அதில் நின்ற ஒரு வேப்பமரம். பேச்சு முற்றி, பெரியவர் ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார். அப்பாரு வீட்டுக்கு வந்து துப்பாக்கியை இறக்கினார், மருந்தைக் கெட்டித்தார், ஆத்தாவிடம் கை நீட்டினார். ஆத்தா அடுப்பைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. "கேப்பு எங்கிட்டத்தான் இருக்குதுங். விடிஞ்சதுக்கப்புறம் வந்து கேளுங்க, தர்றேன்" என்றார். அப்பாரு கத்தினார், வாசலில் நடந்தார், திண்ணையில் உட்கார்ந்தார். விடிந்தபோது அவர் கேட்கவில்லை. அந்த அண்ணன் அதற்குப்பின் பல வருஷம் வாழ்ந்து, எங்கள் அத்தை கல்யாணத்தில் முன்னால் நின்று சீர் செய்தார். அந்த வேப்பமரம் போன வருஷக் காற்றில்தான் விழுந்தது.

ஆத்தாவிடம் பூட்டுக்குப் பூட்டு சாவி இருந்தும் அவர் சித்தப்பாவைக் கணக்கில் வைக்கவில்லை. வைத்திருக்கவும் முடியாது, அவர் கடைசிப் பிள்ளை.

சித்தப்பாவுக்கு அப்போது இருபது இருபத்தொன்று வயதிருக்கும். 1980களின் தொடக்கம். ஊரில் அவரைப் போல நாலைந்து பேர். கரும்பு ஆலைக்குப் போன லாரியில் தொங்கிக்கொண்டு பவானி போவது, குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் பழகாத குதிரையில் ஏறுவது, நிறைந்த கிணற்றில் ராத்திரி மேட்டிலிருந்து குதிப்பது. அந்தக் கூட்டத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அத்தனை பேரும் கையில் காப்புக் காய்த்த உழைப்பாளிகள். பகலெல்லாம் ஏர் ஓட்டிவிட்டு ராத்திரியில் மிச்சமிருந்த தெம்பை எங்கே கொட்டுவதென்று தெரியாதவர்கள்.

அவர்களுக்கு முயல் வேட்டைமேல் ஆசை வந்தது. 1972இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அனுமதியில்லாத வேட்டை குற்றமாகிவிட்டது. அது அவர்களுக்குத் தெரியும், தெரிந்ததால் ஆசை இன்னும் கூடியது. அப்பாரு ஒரு கல்யாணத்துக்காகக் கோபிக்குப் போன இரவில், சித்தப்பா துப்பாக்கியை இறக்கினார். மருந்துப் பெட்டியின் பூட்டை ஆணியால் திறந்தார். கேப்பை எங்கேயோ வெளியில் வாங்கி ஏற்கெனவே மறைத்து வைத்திருந்தார். ஆறு கட்டை டார்ச்சோடு மேட்டுக்காட்டுக்குப் போனார்கள்.

முயலின் கண் டார்ச்சில் மின்னியது. கெட்டித்து இழுத்தார்கள். கேப்பு மட்டும் வெடித்தது, மருந்து பிடிக்கவில்லை. நமுத்துப் போயிருக்க வேண்டும். அந்தப் பதற்றத்தில், சிரிப்பில், பழைய மருந்தை எடுக்காமலேயே அதன்மேல் இன்னொரு முறை மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டித்தார்கள். சித்தப்பாதான் கெட்டித்தார். "இந்தத் தடவை நீ போடு" என்று கூட்டாளியிடம் கொடுத்தார். குழல் நடுவில் பிளந்தது. கூட்டாளியின் இடது கையில் கட்டைவிரலோடு மூன்று விரல்கள் போயின. ஒரு கண்ணும் போயிற்று.

மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே பொய்யைத் தயார் செய்துவிட்டார்கள். கிணற்றுக்கு வெடி வைக்கும்போது வெடித்துவிட்டது என்று. எங்கள் பக்கம் பாறையில் கிணறு வெட்டத் தோட்டா வைப்பது அன்றாடம் நடப்பது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மறுநாள் ஊர் திரும்பிய அப்பாரு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னார். பிறகு பிளந்த துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். சொந்தக்காரர்கள் காலில் விழாத குறையாகத் தடுத்தார்கள், மகன் ஜெயிலுக்குப் போவான் என்று. "உள்ள ஈயம் இருக்குதா கல்லு இருக்குதான்னு தெரியாம அந்தப் பையன் கையை அறுத்துக்கிட்டு இருக்கறாங்கடா" என்றாராம். கேஸ் நடந்தது, அலைந்தார்கள், பணம் போயிற்று. லைசென்ஸும் போயிற்று. அப்பாரு அதைத் திரும்பக் கேட்கவில்லை.

சித்தப்பா அந்தக் கூட்டாளியை விட்டுவிடவில்லை. மஞ்சள் விற்ற காசில் வருஷம் தவறாமல் அவர் வீட்டுக்கு ஒரு பங்கு போகும். அவருடைய மகள் படிப்பைக் கடைசிவரை சித்தப்பாதான் பார்த்தார். ஆனால் அந்த இரவைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார். அவர் பேசாததால்தான் கதை வேறு வடிவம் எடுத்தது. ஊரில் மற்றவர்கள் சொல்லி என் தம்பி கேட்ட கதையில் அவன் அப்பன் ஒரே வெடியில் இரண்டு பன்னியைச் சாய்த்த சூரர். விரல் போன கூட்டாளி அந்தக் கதையில் கிணற்று வெடியில் சிக்கியவர். உண்மையை அவனிடம் நான் சொன்னது சித்தப்பா காலமான பிறகு. அவன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது அந்தக் காலத்து நாட்டுத் துப்பாக்கி அண்ணா, இப்ப வர்றதெல்லாம் அப்படி வெடிக்காது" என்றான்.

இந்த இடத்தில்தான் அவனும் நானும் பிரிகிறோம். இப்போது வருகிற தோட்டாத் துப்பாக்கியின் குழல் பிளக்காது, ஒத்துக்கொள்கிறேன். இருபது வயது மாறிவிட்டதா? எங்கள் செட்டில் பர்கூர் மலைப்பாதையில் யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை எஞ்சினை நிறுத்தி, ராத்திரியில் விளக்கில்லாமல் இறக்கியவர்கள் உண்டு. இன்றைக்கு அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் ஊரே மதிக்கிற விவசாயி. அவர்களுக்கெல்லாம் அன்று கைக்கு எட்டியது பைக் மட்டும்தான். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில், கல்யாணம் காட்சியில் கொண்டாட்டத்துக்காகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை என்று தனியாக ஒரு பிரிவையே சேர்க்க வேண்டி வந்தது. அந்தச் சூடுகளையெல்லாம் சுட்டது கொள்ளைக்காரர்கள் இல்லை, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்.

தம்பி வெறும் கோபத்தில் பேசுகிறவன் இல்லை, படித்துவிட்டுப் பேசுகிறான். குடகைக் காட்டுகிறான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து குடகர்களுக்கும், ஜம்மா என்கிற பரம்பரை உரிமை நிலக்காரர்களுக்கும் லைசென்ஸிலிருந்து விலக்கு இருக்கிறது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. மலைக்கு அந்தப் பக்கம் முடியும், இந்தப் பக்கம் முடியாதா என்பது அவன் கேள்வி. குடகில் துப்பாக்கி ஒரு குலத்தின் சடங்கோடு கலந்தது. கைல்போது பண்டிகையில் அதற்குச் செங்காந்தள் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள், பையன் பிறந்தால் ஒரு வெடி, சாவுக்கு இரண்டு வெடி. பல தலைமுறையாகக் கட்டுப்பாட்டோடு பழகியது அது. அந்தப் பழக்கம் இல்லாமல் ஆயுதத்தை மட்டும் இங்கே கொண்டுவர முடியாது.

சட்டம் தனக்குச் சாதகம் என்கிறான். அதுவும் பாதி சரி. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்பு உரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. சூரியன் மறைந்த பிறகு வீட்டை உடைத்து நுழைகிறவனை எதிர்க்கையில் உயிர் போனாலும், அது தற்காப்பாகலாம் என்று 41ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. தப்பி ஓடுகிறவன் முதுகில் சுட்டால் கதை மாறிவிடும். எழுபது வயதில், தூக்கக் கலக்கத்தில், இருட்டில், இந்தக் கோட்டை யார் சரியாகப் பார்ப்பார்?

என் அம்மாவையே எடுத்துக்கொள்கிறேன். நாய் குரைக்கிறது. அம்மா விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, யாரென்று பார்க்க வாசலுக்கு வருகிறார். வருகிறவர்கள் கதவோரம் இரும்புக் கம்பியோடு நிற்கிறார்கள். இதில் துப்பாக்கி எந்த நொடியில் கைக்கு வரும்? 2016 ஆயுத விதிகள் பயிற்சிச் சான்றும், பாதுகாப்பாக வைப்போம் என்ற உறுதிமொழியும் கேட்கின்றன. அப்படியே பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் வைத்தால் அந்த நேரத்தில் பயனில்லை. கெட்டித்துத் தலைமாட்டில் வைத்தால், திருடன் வராத மற்ற எல்லா நாளும் அது வீட்டுக்குள் இருக்கும். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும் நாளிலும், குடித்துவிட்டு வரும் மருமகன் இருக்கும் நாளிலும், மஞ்சள் விலை விழுந்து கடன்காரன் வந்துபோன நாளிலும். திருடனுக்கும் அந்த வீட்டில் நகையைத் தவிர இன்னொன்று எடுத்துப்போகக் கிடைக்கும்.

அமெரிக்காவில் ஆர்தர் கெல்லர்மனும் கூட இருந்தவர்களும் மெம்ஃபிஸ், சியாட்டில், கால்வெஸ்டன் நகரங்களில் நடந்த துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்து 1998இல் எழுதினார்கள். வீட்டுத் துப்பாக்கி தற்காப்புக்காக அல்லது சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணத்துக்காகச் சுடப்பட்ட ஒவ்வொரு முறைக்கும் 4 கைத்தவறுதல்கள், 7 தாக்குதல்கள் அல்லது கொலைகள், 11 தற்கொலைகள் அல்லது தற்கொலை முயற்சிகள். சுடாமல் காட்டி விரட்டியதை அவர்கள் எண்ணவில்லை என்று மறுப்பவர்கள் உண்டு, அந்த மறுப்பில் நியாயமும் உண்டு. ஆனாலும் அந்த 11 என்ற எண்தான் என்னை உலுக்குகிறது. இலங்கையில் 1990களின் நடுவில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், 20 ஆண்டில் விகிதம் 70% அளவுக்குக் குறைந்தது. மனிதர்களின் துக்கம் அங்கே குறைந்துவிடவில்லை. கொல்லுகிற பொருள் கைக்கெட்டும் தூரத்திலிருந்து போயிற்று, அந்த ஒரு ராத்திரியைக் கடந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஆத்தா "விடிஞ்சதுக்கப்புறம் கேளுங்க" என்றதும் இதைத்தான் செய்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சொந்தக்காரர்களுக்குப் பிடிக்காவிட்டாலும். இந்த லைசென்ஸ் யாருக்குக் கிடைக்கும்? பட்டா உள்ளவர்களுக்கு. தோட்டத்தைக் குறுக்கே கடந்து காலனிக்கு ராத்திரி நடந்து போகும் கூலிக்காரருக்கும், மில் ஷிப்ட் முடிந்து வரும் வடநாட்டுப் பையனுக்கும் கிடைக்காது. இருட்டில் அவர்கள் உருவம் திருடனின் உருவம்தான். பயந்தவன் கையில் ஆயுதம் இருந்தால் முதலில் விழுவது அவர்கள்தான். பன்னி என்று நினைத்து மனிதனைச் சுட்ட செய்திகளை நாம் படிக்காமலா இருக்கிறோம்?

பன்னி விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. பயிர்க்காவல் ஒரு உண்மையான தேவை. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்னிகளை வனத்துறையினர் சுடலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தது. காட்டையொட்டிய எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்தக் கோபத்தில்தான் சிலர் தீனிக்குள் வெடியை மறைத்த அவுட்டுக்காய் வைக்கிறார்கள், வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். யானை வாய் சிதைந்து சாகிறது, தண்ணீர் கட்டப்போன மனிதன் கருகுகிறான். பயிற்சி பெற்ற ஆட்களைக் கொண்ட ஒரு குழு, ஊருக்குப் பொதுவாக, வனத்துறையின் கணக்கில் இருக்கும் துப்பாக்கியோடு வந்தால் நானே அவர்களுக்குச் சோறு போடுவேன். அந்தத் துப்பாக்கி காலையில் திரும்பிப் போய்விடும். தலைமாட்டில் தங்காது.

மனிதர்களிடமிருந்து தோட்டத்தைக் காக்க ஆள் நடமாட்டம் வேண்டும். எங்கள் இட்டேரியில் ஒன்பது வீடுகள். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு விளக்கு கிடையாது. வாசல் கதவைத் திறக்காமலே வெளியே பார்க்கிற மாதிரி ஒரு ஜன்னல், ஒரு வீட்டில் பட்டனை அழுத்தினால் ஒன்பது வீட்டிலும் கத்துகிற சைரன், போலீஸ் ரோந்து வந்து கையெழுத்துப் போடுகிற நோட்டு ஒவ்வொரு வீட்டிலும். நகையை லாக்கரில் வைப்பது. தீர்ந்துபோன பண்ணயத்துக் குடும்பங்களுக்குப் பதிலாக, சும்மா பூட்டிக் கிடக்கும் சாளையில் ஒரு குடும்பத்தை மரியாதையாகக் குடிவைப்பது. முதல் மூன்றுக்கும் எங்கள் ஒன்பது வீடும் பணம் போட்டிருக்கிறது. விளக்குக்கும் ரோந்துக்கும் அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வைக்கிறோம். அம்மாதான் பேசப் போகிறார்.

தம்பி இதற்கெல்லாம் காசு கொடுத்துவிட்டு, கலெக்டர் ஆபீசில் லைசென்ஸுக்கும் மனுப் போடப் போகிறான். அது அவன் உரிமை, தடுக்க மாட்டேன். மனுப் போட்டால் விசாரணைக்குப் போலீஸ் அக்கம்பக்கத்திலும் பங்காளிகளிடமும் வந்து கேட்பார்கள். என்னிடம் கேட்டால், மனுதாரர் நல்லவர், குடிக்காதவர், அடிதடிக்குப் போகாதவர் என்று சொல்வேன். அந்த வீட்டில் அவனுக்கு 19 வயதில் ஒரு மகன் இருக்கிறான், அவன் தாத்தாவான என் சித்தப்பாவைப் போலவே எதற்கும் பயப்படாதவன், அதனால் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்வேன். இதைத் தம்பியிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.